ரைலேயில் பாறை ஏறப் போகிறீர்களா? கொழும்பிலிருந்து அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தாய்லாந்தின் ரைலே கடற்கரைக்குப் போய்க் கயிறு கட்டிப் பாறை ஏறுகிறவன் என்று வெள்ளவத்தைப் பக்கம் என் பெயர் அடிபடத் தொடங்கியதிலிருந்து, கல்யாண வீட்டிலும் அலுவலகச் சாப்பாட்டு மேசையிலும் ஒரே சந்தேகங்கள் சுற்றிச் சுற்றி வருகின்றன. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்வதை விட எழுதி வைப்பது சுலபம். கேள்விகளைக் கேட்டவர்களின் வாய்மொழியை ஒட்டியே போட்டிருக்கிறேன்.

ரைலே தீவா? சிலர் கிராபி என்கிறார்கள், சிலர் ரைலே என்கிறார்கள். இரண்டும் ஒன்றா?

கிராபி, தெற்குத் தாய்லாந்தில் அந்தமான் கடலோரம் உள்ள மாகாணம். அதன் தலைநகருக்கும் அதே பெயர். ரைலே அந்த மாகாணத்தில் கடலுக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் ஒரு சிறு நிலத்துண்டு. தீவு அல்ல என்றாலும், முதுகுப்பக்கத்தைச் செங்குத்தான சுண்ணாம்புப் பாறைகள் அடைத்து நிற்பதால் வீதி கிடையாது. எல்லோரும் படகில்தான் வந்து இறங்குகிறார்கள். காரும் பஸ்ஸும் இல்லாத ஊர் என்பதே பாதி நிம்மதி.

அங்கே நான்கு கரைகள் உண்டு. மேற்கு ரைலேயில் நல்ல மணல், விலை கூடிய விடுதிகள். கிழக்கு ரைலேயில் கண்டல் மரங்களும் சேறும். குளிக்க உதவாது, தங்க மலிவு. தெற்கே ப்ரா நாங், நான்கிலும் அழகானது. வடக்கே தொன்சாய், ஏறுபவர்களின் பழைய குடியிருப்பு. கிழக்கிலிருந்து மேற்குக்குச் சில நிமிடங்களில் நடந்துவிடலாம். ஆகவே மலிவான பக்கத்தில் தங்கி அழகான பக்கத்தில் குளிப்பதுதான் புத்தி.

கட்டுநாயக்கவிலிருந்து எப்படிப் போவது?

நேரடி விமானத்தை எதிர்பார்க்க வேண்டாம். கட்டுநாயக்கவிலிருந்து பாங்கொக்குக்கு ஏறக்குறைய மூன்றரை மணி நேரம். அங்கிருந்து கிராபிக்கு உள்நாட்டு விமானத்தில் ஒன்றேகால் மணி நேரம் அளவில். பாங்கொக்கில் சுவர்ணபூமி, டொன் மியாங் என்று இரண்டு விமான நிலையங்கள் இருக்கின்றன. ஒன்றில் இறங்கி மற்றதில் ஏறும்படி மலிவு டிக்கெட் வாங்கினால், இடையில் நகர நெரிசலைக் கடக்க வேண்டும். நான்கு மணி நேரமாவது இடைவெளி விடுங்கள். கோலாலம்பூர் வழியாகவும் கிராபிக்குப் போகலாம். இரண்டு பாதைகளின் விலையையும் ஒப்பிட்டுப் பாருங்கள்.

கிராபி விமான நிலையத்திலிருந்து பஸ்ஸிலோ டாக்சியிலோ ஆவ் நாங் என்ற கடற்கரை ஊருக்குப் போய், அங்கே நீண்ட தண்டில் இயந்திரம் பூட்டிய மரப்படகில் ஏற வேண்டும். லாங்டெயில் என்பார்கள். ஆளுக்கு 100 பாட் அளவில், ஏழெட்டுப் பேர் சேர்ந்ததும் புறப்படும், கால் மணி நேரத்தில் மேற்கு ரைலே. இருட்டினால் கட்டணம் ஏறும், ஆளும் சேராது. மாலை விமானத்தில் வருகிறவர்கள் அன்றிரவு ஆவ் நாங்கில் தங்கிவிட்டுக் காலையில் போவது நல்லது.

இலங்கைக் கடவுச்சீட்டுக்கு விசா வேண்டுமா?

2024 ஜூலை 15 முதல் 60 நாள்வரை விசாயின்றி நுழையும் சலுகை பெற்ற நாடுகளின் பட்டியலில் இலங்கையும் சேர்க்கப்பட்டது. இத்தகைய சலுகைகள் அரசாங்கத்தின் மனநிலைக்கேற்பக் கூடிக் குறைபவை. டிக்கெட் வாங்கும் கிழமையில் கொழும்பிலுள்ள தாய்லாந்துத் தூதரகத்தின் அறிவித்தலை ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

2025 மே 1 முதல் வருகைப் படிவத்தை இணையத்தில் நிரப்புவது கட்டாயம். தரையிறங்குவதற்கு முந்திய மூன்று நாட்களுக்குள் நிரப்ப வேண்டும். இலவசம். பணம் கேட்கும் இணையத்தளம் எதுவானாலும் அது இடைத்தரகருடையது. திரும்பும் டிக்கெட்டையும் விடுதிப் பதிவையும் அச்செடுத்துக் கையில் வைத்திருங்கள். நம் கடவுச்சீட்டைக் கொஞ்சம் கூடுதலாகவே புரட்டிப் பார்ப்பார்கள்.

பிள்ளைகளுக்கு ஆகஸ்ட் விடுமுறை. அப்போது போகலாமா?

போகலாம், ஆனால் எதற்குப் போகிறீர்கள் என்று தெரிந்து போங்கள். நமக்கு மழை கொண்டுவரும் அதே தென்மேல் பருவக்காற்றுதான் அங்கும் அடிக்கிறது. மே முதல் ஒக்டோபர்வரை ஹிக்கடுவைக் கடல் எப்படிக் கலங்கிக் கிடக்குமோ, மேற்கு ரைலேயும் ஏறக்குறைய அப்படித்தான். நவம்பர் முதல் ஏப்ரல்வரை நல்ல காலம். அதற்குள் டிசம்பர் முதல் மார்ச்வரை மிக நல்லது, விலையும் உச்சம்.

வேடிக்கை என்னவென்றால், கடல் குளிப்புக்காரருக்கு நாசமாகும் ஆகஸ்ட், ஏறுபவருக்கு முழு நாசமில்லை. பல சுவர்கள் வெளிப்பக்கம் சாய்ந்து தொங்குவதால் மழை அவற்றைத் தொடுவதில்லை. கூட்டமில்லை, அறை வாடகை பாதி. நாள் கணக்கில் மழை பெய்தால் மட்டும் பாறைக்குள் ஊறிய நீர் பிடிமானங்கள் வழியே கசியும். கடல் கொந்தளித்தால் ஆவ் நாங் படகுகள் நிற்கும். அப்போது ஆவ் நாம் மாவ் துறையிலிருந்து கிழக்கு ரைலேக்குப் போகும் ஒதுக்கமான வழியைக் கேளுங்கள்.

ஏப்ரல் புத்தாண்டு விடுமுறையில் போக நினைப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். நம் சித்திரைப் புத்தாண்டும் தாய்லாந்தின் சொங்க்ரானும் ஒரே நாட்களில் வருகின்றன. 13 முதல் 15 வரை அந்த நாடே விடுமுறையில் இருக்கும். டிக்கெட் விலை கண்ணைக் கட்டும்.

புக்கெட் போகிறோம். அதில் ஒரு நாளை ரைலேக்கு ஒதுக்கினால் போதாதா?

போதாது. புக்கெட்டிலிருந்து கிராபிக்கு வீதி வழியே இரண்டரை முதல் மூன்று மணி நேரம், பிறகு படகு. வந்து, படம் எடுத்து, தேங்காய்த் தண்ணீர் குடித்துத் திரும்புவதற்குள் பொழுது போய்விடும். கொழும்பு முகவர்கள் விற்கும் சுற்றுலாக்களில் பெரும்பாலும் இப்படித்தான் ரைலே ஒரு நிறுத்தமாக வந்து போகிறது. நண்பகல் வெயிலில், படகுக் கூட்டத்தோடு பார்க்கும் ரைலே எனக்கும் பிடிக்காது. பகல் பயணிகள் போன பின்பும் அவர்கள் வருமுன்பும்தான் அது நல்ல ஊர். குறைந்தது மூன்று இரவு தங்குங்கள். பாங்கொக் கடை வீதிகளில் ஒரு நாள் குறைந்தால் யாருக்கும் நட்டமில்லை.

படகிலிருந்து தண்ணீரில் இறங்கி நடக்க வேண்டுமாமே? அம்மாவுக்கு முழங்கால் வருத்தம்.

இதை ஒருவரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. நம் கரையில் கடல் ஏறி இறங்குவதே கண்ணுக்குத் தெரியாது. கொழும்பில் வற்றுக்கும் பெருக்குக்கும் இடையே ஒரு மீட்டர்கூட வராது. கிராபியில் அது மூன்று மீட்டரை எட்டும். காலையில் நீந்திய இடத்தில் மாலையில் நடக்கலாம். வற்று நேரத்தில் கிழக்கு ரைலே வெறும் சேற்றுவெளி. மேற்கில் படகு கரைக்கு வர முடியாமல் தூரத்தில் நிற்க, நீங்கள் முழங்கால் தண்ணீரில் பெட்டியைத் தலையில் வைத்து நடப்பீர்கள்.

இந்த வேறுபாடு அமாவாசையையும் பௌர்ணமியையும் ஒட்டித்தான் மிகக் கூடுதல். போயா விடுமுறையோடு ஒரு நாளை ஒட்டிக்கொண்டு பறப்பது நம்மவர் வழக்கம் அல்லவா? அப்படிப் போகிறவர்கள் சரியாக அந்த நாட்களில்தான் போய் மாட்டுகிறார்கள். கிராபிக்கான வற்றுப்பெருக்கு அட்டவணை இணையத்தில் கிடைக்கும். அம்மாவை அழைத்துப் போவதென்றால் பெருக்கு நேரத்தில் படகு ஏறுங்கள். சில்லுப் பெட்டி வேண்டாம், தோளில் மாட்டும் பையே போதும். மேற்கு ரைலேயிலிருந்து தொன்சாய்க்குக் கரையோரமாக நடப்பதும் வற்று நேரத்தில் மட்டுமே. மற்ற வேளையில் காட்டுப் பாதை அல்லது படகு.

நான் சிகிரியா ஏறியிருக்கிறேன். அந்த அனுபவம் போதாதா?

சிகிரியாவில் நீங்கள் ஏறியது படிக்கட்டு. ரைலேயில் ஏறுவது பாறை. மூச்சு வாங்குவது மட்டும்தான் இரண்டுக்கும் பொது. அதற்காகப் பயப்படவும் வேண்டாம்: ரைலேக்கு வருகிறவர்களில் பெரும்பகுதியினர் வாழ்நாளில் முதல் தடவையாக ஏறுகிறவர்கள்தான்.

கல்லும் வேறு. யாழ்ப்பாணம் சுண்ணாம்புக்கல் மேல்தான் உட்கார்ந்திருக்கிறது. அந்தக் கல் மழைநீரில் கரைந்து உட்குடைவாகி இடிந்ததால்தான் நிலாவரைக் கிணறு உண்டானது. ரைலேயிலும் சுண்ணாம்புக்கல்லே, அதைவிட மிகப் பழையது, 25 கோடி ஆண்டுக்கும் மேற்பட்டது. நிலத்துக்கடியில் கிடக்காமல் நூற்றுக்கணக்கான அடி உயரச் சுவர்களாக எழுந்து நிற்கிறது. நீர் கரைத்த இடம் துளையாகவும், கரைந்த சுண்ணாம்பு மீண்டும் படிந்த இடம் மெழுகு வடிந்ததுபோன்ற தூண்களாகவும் ஆகியிருக்கின்றன. துளையில் விரல், தூணில் அணைப்பு. உலகத்து ஏறிகள் 1980களின் இறுதியிலிருந்து இந்த ஊரைத் தேடி வருவது இதற்காகத்தான். இப்போது 700க்கும் மேற்பட்ட பாதைகள் இருக்கின்றன.

ஒன்றுமே தெரியாது. முதல் நாள் என்ன நடக்கும்?

கிழக்கு ரைலேயில் ஏற்றப் பள்ளிகள் பல உண்டு. அரைநாள் வகுப்பு ஏறக்குறைய 1,000 பாட்டில் தொடங்கும். சப்பாத்து, இடுப்புப் பட்டி, கயிறு, தலைக்கவசம் எல்லாம் அதற்குள் அடக்கம். ஓர் ஆசிரியர் இரண்டு மூன்று பேருக்கு மேல் எடுக்காத பள்ளியாகப் பாருங்கள். முதல் வகுப்புகள் பெரும்பாலும் 1-2-3 என்று பெயர்பெற்ற சுவரில் நடக்கும். அது கிழக்குப் பார்த்தது, காலை வெயில் முகத்தில் அடிக்கும். நான் பிற்பகல் வகுப்பையே எடுக்கச் சொல்வேன்.

ஆசிரியர் முதலில் ஏறிக் கயிற்றை உச்சி வளையத்தில் மாட்டிவிட்டு இறங்குவார். கயிற்றின் ஒரு முனை உங்கள் இடுப்பில், மறுபக்கம் கீழே நிற்பவர் கையிலுள்ள பூட்டுக் கருவி வழியே போகும். நீங்கள் ஏற ஏற அவர் தொய்வை இழுத்துக்கொண்டே இருப்பார். கை நழுவினால் ஒரு முழம் இறங்கித் தொங்குவீர்கள், அவ்வளவுதான். முதல் பாதையில் கையால் தொங்கி முன்னங்கை வீங்குவார்கள். இரண்டாவதில் காலை நம்பத் தொடங்குவார்கள். உயரப் பயம் உள்ளவர்கள் மூன்று மீட்டர் ஏறி, வேண்டுமென்றே கையை விட்டு ஒருமுறை தொங்கிப் பாருங்கள். கயிறு பிடிக்கிறது என்று உடம்புக்குத் தெரிந்தால்தான் மனசு அடங்கும்.

எனக்கு 95 கிலோ. கயிறு தாங்குமா?

தாங்கும். ஏற்றக் கயிறும் பட்டியும் விழுகிற ஆளின் வேகத்தையும் சேர்த்து, அதைப்போலப் பல மடங்கு சுமைக்குச் செய்யப்பட்டவை. பார்க்க வேண்டியது, கீழே கயிறு பிடிப்பவரின் எடை. ஐம்பது கிலோ மனைவி உங்களைப் பிடித்தால், நீங்கள் நழுவும்போது அவர் மேலே எழும்புவார். ஆசிரியரிடம் எடையை மறைக்காமல் சொல்லுங்கள். அவரே பிடிப்பார், அல்லது பிடிப்பவரை நிலத்தில் கட்டி வைப்பார்.

பெண்களும் ஏறுகிறார்களா? தாலியைக் கழற்ற வேண்டுமா? என் மகள் ஹிஜாப் அணிபவள், பரவாயில்லையா?

எவரெஸ்ட் உச்சியில் முதலில் நின்ற இலங்கையர் ஒரு பெண், ஜயந்தி குரு உதும்பால, 2016 மே 21. முதல் கேள்விக்கு அது போதும்.

மோதிரத்தைக் கட்டாயம் கழற்றுங்கள். பாறைத் துளையில் மோதிரம் சிக்கி உடல் எடை அதில் இறங்கினால் விரலே போகலாம். வளையல், தொங்கட்டானும் அப்படியே. தாலிக்கொடி பற்றி மாமியார்மார் கேட்கிறார்கள்: கழற்றுவதே பாதுகாப்பு, மனம் ஒப்பாவிட்டால் கழுத்தை ஒட்டிய சட்டைக்குள் போட்டு மேலே இறுக்கமான உடுப்பு அணிந்து, வெளியே வராமல் பார்த்துக்கொள்ளுங்கள். தங்கக்கொடியை ஊரில் வைத்துவிட்டு மஞ்சள் கயிற்றோடு போன ஒரு அக்காவை எனக்குத் தெரியும், நல்ல யோசனை. நீண்ட கூந்தலைக் கொண்டையாக இறுக்கிக் கட்டுங்கள், கயிற்றுக் கருவி முடியை இழுத்துவிடும். முனைகள் தொங்காத விளையாட்டு ஹிஜாபின் மேல் தலைக்கவசம் சரியாகப் பொருந்தும். கிராபியில் முஸ்லிம்கள் கணிசமாக வாழ்கிறார்கள், யாரும் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார்கள்.

சாப்பாடு? நாங்கள் மரக்கறிக்காரர்.

ஹலால் உணவுக்குக் கஷ்டமே இல்லை. காரணம் மேலே சொன்னதுதான். வாழைப்பழம் வைத்துச் சுடும் ரொட்டிக் கடைகளும் பெரும்பாலும் முஸ்லிம்களுடையவை.

மரக்கறிக்காரர் கவனமாக இருக்க வேண்டும். இறைச்சி வேண்டாம் என்று சொன்னால் இறைச்சி போடமாட்டார்கள். மீன் சாறும் இறால் விழுதும் தாராளமாக விழும். அவர்கள் கணக்கில் அது உப்பு மாதிரி. ‘ஜே’ என்று கேட்டால் முழுச் சைவம் கிடைக்கும், பூண்டு வெங்காயம்கூட இருக்காது. ஆவ் நாங்கில் இந்திய உணவகங்கள் நிறைய உண்டு. ரைலேயில் எல்லாம் படகில் வருவதால் விலை கூட.

பணத்தை எப்படிக் கொண்டுபோவது?

இலங்கை ரூபாயை அங்கே நம்பிப் போகாதீர்கள். கொழும்பிலேயே டொலராகவோ பாட்டாகவோ மாற்றிக்கொள்ளுங்கள். ரைலேயில் ஏ.டி.எம். இருக்கிறது; ஆனால் வெளிநாட்டு அட்டைக்கு ஒவ்வொரு தடவையும் 200 பாட்டுக்கு மேல் கட்டணம் பிடிக்கும்.

அங்கே குகைக்குள் லிங்கம் இருக்கிறதாமே, சிவன் கோயிலா?

ப்ரா நாங் கரையின் ஓரத்தில் குகை ஒன்றும் அதில் ஒரு சிறு சன்னதியும் உண்டு. மரத்தில் செதுக்கிய லிங்க வடிவங்கள் பெரிதும் சிறிதுமாகக் குவிந்திருக்கும். வழிபாடு சிவனுக்கு அல்ல, அந்தக் குகையில் உறைவதாகக் கருதப்படும் ஒரு தேவிக்கு. கடலுக்குப் போகுமுன் மீனவர்கள் நல்ல மீன்பாடு வேண்டி இவற்றை நேர்ந்து வைப்பார்கள். கப்பல் மூழ்கி இறந்த இந்திய இளவரசி ஒருத்தியின் ஆவியே அந்தத் தேவி என்றும் ஒரு கதை உண்டு. சுற்றுலாக்காரர் சிரித்துக்கொண்டு படமெடுப்பதைப் பார்த்து நாமும் அப்படிச் செய்ய வேண்டியதில்லை. பக்கத்திலேயே ஏறும் பாதைகளும் இருப்பதால், கயிற்றையும் பையையும் சன்னதிப் பக்கம் போடாமல் இருங்கள்.

ஏறாதவர்கள் அங்கே என்ன செய்வார்கள்?

குளிப்பார்கள், தூங்குவார்கள். சிறு படகில் போடாத் தீவுக்குப் போய் வருவார்கள். கிழக்கு ரைலேக்கும் ப்ரா நாங்குக்கும் இடையில் ஒரு பாதை மலைக்குள் ஏறுகிறது. கட்டியிருக்கும் கயிற்றைப் பிடித்துச் செம்மண் சரிவில் ஏறினால் இரண்டு கடற்கரையும் தெரியும் காட்சிமுனை. அதற்கப்பால் உள்ளே இறங்கினால் பாறைகள் சூழ்ந்த குளம் ஒன்று வரும், ஆனால் அந்த இறக்கம் செருப்போடு போகிற இடமல்ல. மழை நாளில் இரண்டையும் தவிருங்கள்.

குரங்குகள் நிறைய. உணவுப் பையை வெளியே காட்டாதீர்கள். கடித்தாலோ கீறினாலோ சவர்க்காரம் போட்டு ஓடும் தண்ணீரில் கால் மணி நேரம் கழுவி, அன்றே விசர்நாய்க்கடி ஊசிக்குக் கிராபிக்குப் போங்கள்.

சுனாமி வந்த இடம்தானே?

ஆம். 2004 டிசம்பர் 26 அன்று நம் கரையை அடித்த அதே அலை அங்கும் அடித்தது. இப்போது தப்பும் வழியைக் காட்டும் பலகைகள் பாதையோரம் நிற்கின்றன. விடுதிக்குப் போனதும் எந்தப் பக்கம் மேடு என்று பார்த்து வைப்பது, நம் ஊர்க்காரருக்குச் சொல்லித்தர வேண்டிய விஷயமல்ல.

பயணக் காப்புறுதி எடுத்திருக்கிறேன். விபத்து நடந்தால் பணம் கிடைக்கும்தானே?

பத்திரத்தை எடுத்து ‘விலக்குகள்’ என்ற பகுதியைப் படியுங்கள். சாதாரணப் பயணக் காப்புறுதி பலவற்றில் கயிறு கொண்டு மலை, பாறை ஏறுவது ஆபத்தான விளையாட்டு என்று ஒதுக்கப்பட்டிருக்கும். கூடுதல் கட்டணம் கட்டிச் சேர்க்க முடியுமா என்று கேட்டு, பதிலை எழுத்தில் வாங்குங்கள். தொலைபேசியில் முகவர் சொல்லும் ‘பிரச்சினை இல்லை’க்குப் பெறுமதி இல்லை. ரைலேயில் பெரிய மருத்துவமனை கிடையாது. கால் முறிந்தால் முதல் செலவு படகுக்கு.

கயிறே இல்லாமல் ஏறிக் கடலில் குதிக்கிறார்களே, அதைச் செய்யலாமா?

நன்றாக நீந்தத் தெரியுமா? காலிமுகத்திடலில் கால் நனைத்தவர்களுக்கு இது வேண்டாம். படகு உங்களைத் தீவுப் பாறைக்குக் கொண்டுபோகும், கயிற்று ஏணியில் ஏறி, முடிந்த உயரம்வரை போய்க் கடலில் விழ வேண்டும். தண்ணீர் போதிய ஆழம் இருக்கும் பெருக்கு நேரத்தில் மட்டும், இடம் தெரிந்த வழிகாட்டியோடு மட்டும். பத்து மீட்டர் உயரத்திலிருந்து முதுகு அடிபட விழுந்தால் தண்ணீரும் சிமெந்துத் தரையும் ஒன்றுதான். முதல் நாள் தாழ்வாக ஏறி, கால் முந்தி நேராக விழப் பழகுங்கள்.

நான் உள்ளரங்கச் சுவரில் முன்னின்று, அதாவது போகப் போகக் கயிற்றை நானே மாட்டிக்கொண்டு, ஏறிப் பழகியவன். வழிகாட்டி இல்லாமல் சொந்தக் கயிற்றோடு ஏறலாமா?

சட்டப்படி தடையில்லை. பாதைகள் பிரெஞ்சு முறையில் தரமிடப்பட்டுள்ளன. 5இல் தொடங்கி 8சி வரை இருக்கின்றன; எண்ணும் எழுத்தும் ஏற ஏறக் கடினமும் ஏறும். உள்ளரங்கத்தில் 6பி ஏறுகிறவர் ரைலேயில் முதல் இரண்டு நாள் 5இல் ஏறட்டும். 70 மீட்டர் கயிறு கொண்டுபோங்கள், இறக்கும்போது கயிறு உருவிப் போகாமல் கடைசி முனையில் முடிச்சுப் போடுங்கள்.

உண்மையான சிக்கல், ஏறுகிறவர் கயிற்றை மாட்டுவதற்காகப் பாறையில் பதித்த போல்ட். உப்புக் காற்று, வெப்பம், சுண்ணாம்புக்கல்லின் கசிவு மூன்றும் சேர்ந்தால் துருப்பிடிக்காத எஃகும் உள்ளுக்குள் நுண்ணிய வெடிப்பு விடும். வெளியே பளபளப்பாக இருக்கும். ஓர் ஆளின் எடைக்கே முறிந்த போல்ட்களும் உண்டு. எனவேதான் ஏறிகள் நன்கொடை திரட்டி, பழையவற்றை எடுத்துவிட்டு டைட்டானியம் போல்ட்களைப் பசையிட்டுப் பதித்து வருகிறார்கள். மங்கிய சாம்பல் நிறத்தில், நட்டு இல்லாமல், ஒரே துண்டாகப் பாறைக்குள் போவதே டைட்டானியம். நட்டும் தகடும் தெரிந்தால் அது பழைய எஃகு என்று வைத்துக்கொண்டு வேறு பாதை தேடுங்கள். முன்பு ஏறியவர்கள் பாறைத் துளையில் கட்டிவிட்டுப் போன, நிறம் வெளுத்த நாடாக்களில் ஒருபோதும் தொங்காதீர்கள்.

எந்தப் பாதை மாற்றப்பட்டது, எது மாற்றப்படவில்லை என்பது பருவத்துக்குப் பருவம் மாறும். புதிய வழிகாட்டிப் புத்தகத்தை அங்குள்ள ஏற்றப் பள்ளியில் வாங்குங்கள், வாங்கும்போது அங்கே நிற்கும் ஆசிரியரிடம் நீங்கள் குறித்து வைத்த பாதைகளைக் காட்டிக் கேளுங்கள். ஒரு நிமிடத்தில் இரண்டை அடித்துவிட்டு மூன்றைச் சேர்த்துத் தருவார்.